தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

கேட்டில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸைத் தையல்காரம்மா இருபது நாளாகத் தினமும் காலையில் ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி படிந்து எழுத்து மறைந்துபோனால் கவுன்சில்காரர்கள் செல்லாது என்று சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். இந்த வீட்டின் பக்கவாட்டுக் காலி இடத்தில் ஓர் அறையும் குளியலறையும் கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் இருபத்தொரு நாளுக்குள் எழுதித் தரலாம் என்று அந்த நோட்டீஸ் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. யார் ஆட்சேபிக்கப் போகிறார்கள்? தெருவில் பாதிப் பேர் அவள் தைத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

இருபத்தோராவது நாள், அலுவலகம் மூட அரை மணி நேரம் இருக்கும்போது ஓர் ஆட்சேபணைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. எழுதியது யார் தெரியுமா? பக்கத்து வீட்டு மாடிக்காரர். கண்டக்டர்!

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராமல் என்ன செய்யும்? அவள் புருஷன் பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் அவர் ஓட்டிய வண்டியில் டிக்கெட் கிழித்தவர் இந்தக் கண்டக்டர். இருபத்திரண்டு வருஷமும் அவள் கட்டிக் கொடுத்த சாப்பாட்டு டப்பாவில் பாதி அந்த மனுஷன் வயிற்றுக்குள்தான் போனது. இரண்டு பேரும் ஒன்றாக ஓய்வு பெற்று, பக்கத்துப் பக்கத்தில் வீடு வாங்கினார்கள். கண்டக்டருக்குப் பெண்டாட்டி இல்லை, போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. கீழ்வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் தனியாக இருந்தார்.

அறை யாருக்காக என்று அவருக்குத் தெரியாதா? டிரைவரின் முழங்கால் இரண்டும் போய்விட்டது. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். இறங்கி ஏறப் பதினான்கு படி. போன வருஷக் கடைசியில் ஒரு தரம் படியில் சறுக்கி விழுந்தார். அதற்கப்புறம் ஏழு மாதமாக அவர் பாதம் தரையில் படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்கினார்கள். இரண்டாம் தரம் அப்படித் தூக்கியபோது, "மூட்டை மாதிரி என்னை இனிமே யாரும் தூக்க வேணாம்" என்று சொல்லிவிட்டார். சொன்னவர் சொன்னபடியே இருந்தார். கீழே அவள் தையல் மெஷின் ஓடும், மேலே அவர் நாற்காலி கிரீச்சிடும், அவ்வளவுதான் குடித்தனம்.

ஆட்சேபணைக் கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்கு ஏறினாள். மூச்சு வாங்கியது.

"பாருங்க உங்க கூட்டாளி பண்ணின வேலையை! அவர் ஜன்னலுக்கு வர்ற வெளிச்சம் தடைபடுமாம்."

டிரைவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். திருப்பி இன்னொரு தரம் படித்தார். பக்கத்து வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். "அவனா எழுதினான்?"

"பின்ன நானா எழுதினேன்? கையெழுத்தைப் பாருங்க, டிக்கெட் பின்னாடி மீதிச் சில்லறை எழுதிக் குடுப்பாரே, அதே கோழிக் கிறுக்கல்."

"விடு. எனக்கு இந்த ரூமே போதும். இனிமே எங்க போகப் போறேன்?"

அந்த வார்த்தைதான் அவளை அறைந்தது. ஒரு காலத்தில் ஒரு நாளைக்கு இருநூறு மைல் ஓட்டிய மனுஷன். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு! அழுதுவிடக் கூடாது என்று அவசரமாகப் படியிறங்கிவிட்டாள்.

இந்த இரண்டு பேருக்கும் என்ன சண்டை என்று கேட்டால் நீங்கள் தலையில் அடித்துக்கொள்வீர்கள். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் ஒரு பயணி ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டி கிளம்பிவிட்டது. குடை வண்டிக்குள்ளே, ஆள் ரோட்டிலே. ஒன்றுதான் அடித்தேன் என்றார் கண்டக்டர். இரண்டு கேட்டது என்றார் டிரைவர். பதினாலு வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். போன வருஷம் ஒரு நாள், வீட்டில் நாலு விருந்தாளிகள் இருக்கும்போது, அது எப்படியோ முற்றிப்போனது. "அப்ப என் காது செவிடா?" என்று ஒருவர், "அப்ப என் வாய் பொய்யா?" என்று இன்னொருவர். கண்டக்டர் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து, "இனி இந்த வாசப்படியை மிதிச்சா என்னை என்னன்னு கேளு" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு இரண்டு மாதத்தில்தான் டிரைவர் படியில் விழுந்தார்.

சண்டை போட்ட நாளிலிருந்து பேச்சு இல்லை. ஆனால் காலை ஆறரைக்குக் கண்டக்டர் தன் மாடி ஜன்னலைத் திறந்து இரண்டு விசில் அடிப்பார். இந்தப் பக்கம் டிரைவர் ஒரு ஸ்பூனால் ஜன்னல் கம்பியில் இரண்டு தட்டு தட்டுவார். அப்புறம் இரண்டு பேரும் அவரவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு, காப்பி குடிப்பார்கள். பேச்சு கிடையாதாம், விசில் மட்டும் உண்டாம். இந்த ஆம்பளைகளின் ரோஷத்தை எந்த டேப்பால் அளப்பது என்று தையல்காரம்மாவுக்குப் புரிந்ததே இல்லை.

அடுத்த வாரம் கவுன்சிலிலிருந்து இடத்தைப் பார்க்க, எல்லாரும் பிளான் மேடம் என்று கூப்பிடுகிற அதிகாரி வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் பை, கையில் இரும்பு டேப், முகத்தில் சிரிப்பு இல்லை. சின்னக் கட்டடத்துக்கு இன்ஜினியர் வேண்டாம், வீட்டுக்காரர்களே கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுக்கலாம் என்று கவுன்சிலில் ஒரு வசதி உண்டு. தையல்காரம்மாவும் தானே வரைந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷமாகக் காகிதத்தில் சட்டை வெட்டுகிறவளுக்கு ஓர் அறை வெட்டத் தெரியாதா?

பிளான் மேடம் வீட்டுச் சுவரிலிருந்து மதில்வரை டேப்பை இழுத்தார். பிளானைப் பார்த்தார். மறுபடி இழுத்தார்.

"அம்மா, இடம் பதிமூணு அடி. மதிலை ஒட்டி மூணு அடி வழி விடணும், அது விதி. அப்ப அறை எவ்வளவு இருக்கலாம்?"

"பத்தடி. அதானே போட்டிருக்கேன்?"

"பத்தடி நாலு அங்குலம் போட்டிருக்கீங்க. நீளத்துலயும் நாலு அங்குலம் கூட. பாத்ரூமும் அப்படித்தான். எல்லாத்துலயும் சொல்லி வெச்ச மாதிரி நாலு அங்குலம். அது ஏன்?"

தையல்காரம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு கோடு, அதைச் சுற்றி வெளியே இன்னொரு கோடு. அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஐயோ கடவுளே. அது... தையலுக்கு விட்டது மேடம்."

"என்னது?"

"துணி வெட்டும்போது அளவுக்கு மேல பக்கத்துக்கு ரெண்டு அங்குலம் விட்டுத்தான் வெட்டுவோம். பிடிச்சுத் தைக்கணும்ல? பின்னாடி ஆள் பெருத்துட்டா பிரிச்சு விடலாம். கை பழக்கத்துல போயிருச்சு."

"அறை பெருக்குமாம்மா?"

"பெருக்காதுதான்," என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டே.

அப்போதுதான் பிளான் மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பி மதிலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, திரும்பியபோது பழையபடி ஆகிவிட்டார். தப்பைத் திருத்தலாம், ஆனால் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்று விளக்கினார். ஆட்சேபணை இல்லாவிட்டால், அளவைக் குறைத்த பிளானைக் குழு அன்றைக்கே பாஸ் செய்துவிடும். ஆட்சேபணை நின்றால், மாற்றிய பிளானுக்கு மறுபடி நோட்டீஸ், மறுபடி இருபத்தொரு நாள், மறுபடி கூட்டம்.

"எப்படியும் மூணு மாசம் ஆயிரும்மா."

"மூணு மாசத்துல மழை வந்துரும் மேடம். மழைக்குள்ள அஸ்திவாரம் போடலைன்னா அடுத்த வருஷம்தான்னு கொத்தனார் சொல்லிட்டாரு. அந்த ஆட்சேபணையே அபத்தம். அவர் ஜன்னல் மாடியில இருக்கு. கீழ கட்டுற ரூம் எப்படி மறைக்கும்?"

"எனக்குத் தெரியுது. ஆனா அபத்தமா இருந்தாலும் எழுதிக் குடுத்தா கேட்டுத்தான் ஆகணும். கூட்டத்துல அவருக்கு மூணு நிமிஷம், உங்களுக்கு மூணு நிமிஷம்."

மூன்று நிமிஷம்! தையல்காரம்மா ஒரு வாரம் அந்த மூன்று நிமிஷத்துக்குத் தயார் பண்ணினாள். மெஷினை மிதித்துக்கொண்டே முணுமுணுப்பாள். சாப்பாட்டு டப்பாவிலிருந்து ஆரம்பித்து, அவர் பெண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரிக்கு யார் நடையாய் நடந்தது என்பதுவரை எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி மடித்து வைத்துக்கொண்டாள். அந்த மனுஷன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

கூட்டம் கவுன்சில் கட்டடத்தின் பின்பக்க ஹாலில். நீள மேஜை, அதன் பின்னால் ஐந்து பேர், இரைகிற ஒரு மைக், பேசுகிறவர்கள் பார்க்கும்படி ஒரு மணல் கடிகாரம். நடுவில் உட்கார்ந்திருந்த குழுத் தலைவர் மருந்துக்கடைக்காரர். எதைப் படித்தாலும் மருந்துச் சீட்டைப் படிப்பது போல் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிப்பார். முதலில் யாரோ ஒருவரின் கார் ஷெட். கேட் உள்பக்கம் திறக்க வேண்டுமா வெளிப்பக்கமா என்று இருபது நிமிஷம் பேசினார்கள். இரண்டு வரிசை தள்ளிக் கண்டக்டர் உட்கார்ந்திருந்தார், அவள் பக்கமே திரும்பவில்லை.

அவருடைய முறை வந்தது. மைக் முன்னால் போய் நின்றார். யாரோ மணல் கடிகாரத்தைத் திருப்பி வைத்தார்கள்.

"என் ஜன்னலுக்கு வர்ற வெளிச்சம்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார்.

பிளான் மேடம் தாளைப் புரட்டினார். "அறையோட உயரம் ஒன்பது அடி. உங்க ஜன்னல் பன்னிரண்டு அடிக்கு மேல. வெளிச்சம் எப்படிங்க தடைபடும்?"

கண்டக்டர் மைக்கைப் பிடித்துக்கொண்டார். மணல் இறங்கிக்கொண்டிருந்தது. தையல்காரம்மா கையில் நான்கு பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே முறைத்தாள். அப்போதுதான் அந்தச் சட்டை கண்ணில் பட்டது. அவள் தைத்ததுதான். மூன்றாவது பொத்தான் ஒற்றை நூலில் தொங்கியது, காலர் மடிப்பு விட்டிருந்தது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு பை நிறையச் சட்டையைக் கொண்டுவந்து வைப்பார், "சும்மா ரெண்டு தையல்தாம்மா" என்பார். கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இந்தச் சட்டையை யாரும் தொடவில்லை. அவள் கை தன்னையறியாமல் ஊசியைத் தேடியது.

"பொய்தான் எழுதினேன் சார்," என்றார் கண்டக்டர். "வெளிச்சத்துக்கும் அந்த ரூமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்தார். "அப்புறம் எதுக்கு எழுதினீங்க?"

"காலைல ஜன்னலைத் திறந்தா எதிர்ல அவன் இருப்பான் சார். பேச மாட்டான். நானும் பேச மாட்டேன். ஆனா இருப்பான். ரெண்டு விசில் அடிச்சா கம்பில தட்டுவான். சரி, இன்னைக்கும் இருக்கான்னு தெரிஞ்சுக்குவேன். அவன் கீழ போயிட்டா நான் யாருக்கு சார் விசில் அடிக்கிறது? காக்காய்க்கா?"

மருந்துக்கடைக்காரர் மேஜைமேல் முன்னால் சாய்ந்தார்.

"கீழ வந்தா இன்னும் சுலபமாச்சே. நேரா போய்ப் பாக்கலாமே?"

"வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன் சார். நாலு பேர் முன்னாடி."

"அதை வாபஸ் வாங்கிக்கலாமே?"

"அது என்ன சார் விண்ணப்பமா, வாபஸ் வாங்கிக்க?" என்றார் கண்டக்டர். "கீழ போனா அவனுக்கு நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சும்தான் எழுதினேன். அன்னையிலேர்ந்து தூக்கமில்ல."

மணல் தீர்ந்தது. தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போய் நின்றாள். எழுதி வைத்திருந்த நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. பாவி மனுஷன், இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஒரு பக்கம் ஆத்திரம், இன்னொரு பக்கம் நெஞ்சு உருகி ஓடியது. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பிளான் மேடத்தைப் பார்த்தாள்.

"மேடம், மதில் பக்கம் வழி விடச் சொன்னீங்களே, மூணு அடி. கேட்டுலேர்ந்து அந்த வழியாவே வர்ற மாதிரி அந்தப் பக்கச் சுவர்ல ஒரு கதவு வைக்கலாமா?"

பிளான் மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "பக்கத்து வீட்டைப் பார்த்த மாதிரி கதவு வைக்கணும்னா அந்த வீட்டுக்காரர் சம்மதம்னு கையெழுத்துப் போடணும்."

"சரி." அவள் கண்டக்டர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க எந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

"உங்க வீட்டு வாசப்படிதாம்மா."

"அன்னைக்கு எங்க வீட்டுக்கு எத்தனை வாசப்படி?"

"ஒண்ணு."

"அதை நீங்க மிதிக்க வேணாம். சொன்ன சொல் சொன்னதாவே இருக்கட்டும். இது வேற வாசப்படிண்ணே. இன்னும் கட்டவே இல்ல. கட்டாத படியை மிதிக்க மாட்டேன்னு நீங்க எப்படிச் சொல்லியிருக்க முடியும்?"

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். மேஜையின் கோடியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஆழ்ந்து யோசித்துவிட்டு, "முறைப்படி பார்த்தா அது சரிதான்" என்றார். கண்டக்டர் பிளான் மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"வழி மூணு அடி இருக்கும்ல?"

"கண்டிப்பா இருக்கும்," என்றார் பிளான் மேடம். "ஒரு அங்குலம் குறையாது. நான் பாத்துக்கறேன்."

"போதும். இருபத்திரண்டு வருஷம் பஸ்ஸுக்குள்ள அதுல பாதி வழியிலதான் நடந்தேன்."

ஆட்சேபணையை வாபஸ் வாங்குகிறேன் என்று ஒரு கையெழுத்து, கதவுக்குச் சம்மதம் என்று இன்னொரு கையெழுத்து, அதே கோழிக் கிறுக்கலில். ஐந்து கையும் உயர்ந்தது. விண்ணப்பம் பாஸ். கார் ஷெட்டுக்கு ஆன நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

திருத்திய பிளானை அவள் மறுநாளே கொடுத்தாள். பிளான் மேடம் ஒவ்வொரு கோடாக அளந்து பார்த்தார். எல்லாம் கச்சிதம், ஒற்றைக் கோடு. கதவு மட்டும் மூன்று அடி இரண்டு அங்குலம்.

"இது என்னம்மா?"

"கதவோட அகலத்துக்கு விதி இருக்கா மேடம்?"

"இல்ல."

"அப்ப அது தையலுக்கு விட்டதாவே இருக்கட்டும்."

பிளான் மேடம் சீல் குத்தினார்.

மழைக்குள் அஸ்திவாரம் போட்டு, மழை விட்டதும் கூரை போட்டு, சுண்ணாம்பு காய்ந்தது. டிரைவர் கீழே வருகிற நாளும் வந்தது. காலை பத்து மணி. தூக்கிக்கொள்ள நாற்காலியோடு ஆட்கள் வந்தபோது அவர் திருப்பி அனுப்பிவிட்டார். முதல் படியில் உட்கார்ந்தார். கையை ஊன்றி இரண்டாவது படிக்கு இறங்கி உட்கார்ந்தார். சின்னக் குழந்தை இறங்குவது போல் ஒவ்வொன்றாக. தையல்காரம்மா மூன்று படி கீழே நின்று, பிடிக்காமல், பிடிப்பதற்குத் தயாராக, பின்னாலேயே நகர்ந்து இறங்கினாள்.

எட்டாவது படியில் நின்றுவிட்டார். அவர் விழுந்தது அந்தப் படியில்தான். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"முடியலம்மா. மேலயே போயிடறேன்."

"இன்னும் ஆறுதாங்க."

"முடியல."

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் இந்த எட்டாவது படியோடு போயிற்றா? அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கீழே பார்த்தாள். அங்கே புது அறையின் பக்கக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

அதன் வெளியிலிருந்து விசில் சத்தம் வந்தது. ஒன்று. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

"ரைட்! போலாம்!" என்றார் யாரோ கரகரத்த குரலில்.

டிரைவர் தலையைத் தூக்கினார். வலது கால் தானாகவே முன்னால் நீண்டது. ஒன்பது, பத்து, பதினொன்று. அவள் எண்ணிக்கொண்டே இறங்கினாள். பதினான்கு. தரை. கம்பை ஊன்றி எழுந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, நடந்தே புது அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார்.

கண்டக்டர் புது வாசப்படிக்கு வெளியே, அந்த மூன்றடி வழியில், மதிலில் சாய்ந்துகொண்டு நின்றார். காலை ஓரடி எடுத்து வைப்பதும் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தார். சம்மதக் கையெழுத்துப் போட்டவர்தான், ஆனாலும் கால் வர மாட்டேன் என்றது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இவ்வளவு பக்கத்தில் பார்த்து.

முதலில் டிரைவர்தான் வாயைத் திறந்தார்.

"ரெண்டு விசில் கேட்டுச்சு."

"ரெண்டுதான் அடிச்சேன்," என்றார் கண்டக்டர்.

"அன்னைக்கும் ரெண்டுதான்டா அடிச்சே."

போச்சு, எல்லாம் போச்சு என்று தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னது? ரெண்டா? அன்னைக்கு ஒண்ணுதான்டா அடிச்சேன்!" என்று கத்திக்கொண்டே கண்டக்டர் படியைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு டிரைவரின் மூஞ்சிக்கு நேராக உட்கார்ந்தார். "அந்தக் குடைக்காரன் ஒரு காலைத்தான் வெச்சிருந்தான். ஒரு கால் வெச்சவனை விட்டுட்டு எவனாவது ரெண்டு அடிப்பானா? சொல்லு!"

"நீ அடிப்பே."

"உன் காதுல அழுக்குடா!"

உள்ளே வந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. டிரைவருக்குத் தெரிந்தது. அவர் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது, ஆனாலும் விடாமல், "ரெண்டு" என்றார் மறுபடியும்.

தையல்காரம்மாவும் அழுதாள், மறைக்கவில்லை, யாரும் அவளைப் பார்த்தால்தானே. அந்தச் சட்டையில் மூன்றாவது பொத்தான் இன்னும் அதே ஒற்றை நூலில்தான் தொங்கியது. அவள் போய் ஊசியும் வெள்ளை நூலும் எடுத்து வந்தாள்.

"அண்ணே, சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு அப்புறம் சண்டை போடுங்க," என்றாள்.